மையில் முக்க வேண்டாத பேனா

முன்னோர்களைத் தேடித் திரிகிறவர்கள் தங்களுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்கள். "குழந்தையைக் கொன்னாச்சா?" பக்கத்து மேசையில் டீ குடிப்பவர் காதில் விழுந்தால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார். விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயர் அங்கே ஏதோ ஒரு கிராமத்து சர்ச் ஏட்டில், ஞானஸ்நானப் பக்கத்தில் கிடைத்துவிட்டால் உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. அதே ஏட்டின் அடக்கப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் நடை பழகுமுன்னே போய்ச் சேர்ந்தன. நீங்கள் கொள்ளுத்தாத்தா என்று கொண்டாடும் குழந்தையை அங்கேயே புதைத்திருந்தால், அது எப்படி நியூசிலாந்துக்கு வந்து உங்களைப் பெற்றிருக்கும்? வேறு ஆளைத்தான் தேட வேண்டும்.

நியூசிலாந்தின் மானுகா ஃப்ளாட் என்ற சிற்றூரில் தோரா லார்ட்டர் ஒரு குழந்தையைக் கொல்ல ஆசைப்பட்டாள். ஆஷ்கோம்ப் வீட்டுக் குழந்தை. 1988இல், அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது நடந்தபோது, அந்த ஆசைக்கு முப்பத்தெட்டு வயது.

அது பிறந்த கதை இது. மாகாணம் நூறாவது ஆண்டு கொண்டாடிய 1950இல் மானுகா ஃப்ளாட்டும் தன் பங்குக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டது. முதலில் வந்து குடியேறிய குடும்பங்கள், எழுத்து வரிசைப்படி. 'ஏ'யில் தொடங்குவதால் ஆஷ்கோம்ப் குடும்பத்துக்கு முதல் பக்கம். வேறு எழுத்தில் தொடங்கியிருந்தாலும் முதல் பக்கம் அவர்களுக்குத்தான் போயிருக்கும். புத்தகக் கமிட்டியின் தலைவர் ஹியூபர்ட் ஆஷ்கோம்ப், கவுண்ட்டி கவுன்சிலின் தலைவரும் அவரே. பன்னிரண்டாயிரம் ஆடுகள், கல் தூண் வைத்த வாசல், தூணில் மூன்று நாரை செதுக்கிய குடும்பச் சின்னம். அவருடைய தாத்தா எட்மண்ட், சஃபோக் பக்கம் ஸ்டோக் மார்லிங் கிராமத்து மாளிகையின் வாரிசாம். 1859இல் 'மாரியன் க்ரே' கப்பலில் கேபினில் காலாட்டிக்கொண்டு வந்தவராம். கப்பல் பட்டியலில் ஏன் பெயரில்லை என்றால், கேபின் பயணிகள் பக்கம் கிழிந்துபோய்விட்டதாம். ஊர் தலையாட்டியது.

ஹியூபர்ட் அந்தப் புத்தகத்துக்கு ஒரு விதியும் போட்டார். எந்தப் பெயரோடு கப்பலிலிருந்து இறங்கினார்களோ, அந்தப் பெயரின் கீழ்தான் குடும்பம் அச்சாக வேண்டும். முதல் உலகப் போரின்போது ஜெர்மன்காரர்கள் என்ற பழிக்குப் பயந்து ஷ்மிட்டிலிருந்து ஸ்மித்தாக மாறிய ஒரு குடும்பம் ஊரில் இருந்தது. அவர்களை மறுபடி ஷ்மிட் ஆக்கத்தான் இத்தனை பாடு. நியூசிலாந்துச் சீருடையில் மகனைப் பறிகொடுத்த ஸ்மித் கிழவர், புத்தகம் வந்த நாளிலிருந்து சர்ச்சுக்கே வரவில்லை.

தோராவின் அப்பா க்ளாரி லார்ட்டர் கவுன்சிலுக்கு ரோடு போடும் ஆள். குடியிருந்ததும் கவுன்சில் வீடு. விழாவுக்கு முந்தைய வாரம் ஊர் ஹாலில் விருந்து. கையில் மட்டன் சாண்ட்விச்சோடு, பக்கத்திலிருந்தவர்களிடம் அவர் சும்மா ஒரு கதை சொன்னார்.

"எங்க தாத்தா வில்லியம் சொல்வாரு. மாரியன் க்ரேல, ஏழைங்க வர்ற அடித்தளத்துல, அவரும் எட்மண்டும் ஒரே பலகைல தலைமாடு கால்மாடாப் படுத்து வந்தாங்களாம். நாலு மாசம்! எட்மண்ட் காலு மாதிரி நாத்தம் ஆட்டுப்பட்டில கூடக் கிடையாதுன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு மனுஷன்."

ஹாலே சிரித்தது. ஹியூபர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் க்ளாரியைக் கவுன்சில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பதினான்கு வயது தோராவும் அப்பாவோடு போய்ச் சுவரோரம் நின்றாள். மேசைமேல் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. 'நான் ஆஷ்கோம்ப் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது முழுப்பொய். அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்கிறேன்.'

"பொய்யில்லீங்களே சார்," என்றார் க்ளாரி. "தாத்தா சொன்னதைத்தான சொன்னேன்."

"வீடு நல்லா இருக்கா க்ளாரி? கூரை ஒழுகலையே?" என்றார் ஹியூபர்ட்.

க்ளாரி கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். மை புட்டியைத் தேடினார். ஹியூபர்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். லண்டன் போய்வந்தபோது வாங்கியது. ஊரிலேயே முதல் பால்பாயிண்ட், பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அழுத்திப் போடு க்ளாரி. இது மையில முக்க வேண்டாத பேனா."

அப்பா அழுத்திப் போட்டார். பேனா முனையில் கசிந்த நீல மை அவர் கட்டைவிரலில் அப்பிக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த விரலைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தார். அது போகவில்லை. தோராவுக்குள்ளிருந்தும் அது போகவே இல்லை.

மன்னிப்புக் கடிதம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சானது. அப்பாவுக்கு 'பலகை லார்ட்டர்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தோராவைக் கண்டால், "பலகை, நகரு பலகை" என்பார்கள். அப்பா அதற்குப் பிறகு ஹால் வாசற்படி மிதிக்கவில்லை. 1963இல் செத்தார். ஹியூபர்ட் ஆஷ்கோம்ப் பெரிய மலர்வளையம் ஒன்று அனுப்பிவைத்தார். தோரா அதைத் தூக்கிக்கொண்டுபோய் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஆடு ரிப்பன் வரைக்கும் தின்றது. அன்று முழுக்க அவள் சிரித்த ஒரே தருணம் அதுதான்.

ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள் தோரா. யாரோடு யார் பேசினாலும் அவள் கை வழியாகத்தான் பேச வேண்டும். கேட்டதை ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. ஆனால் எதையும் மறந்ததும் இல்லை. தன்னை 'பலகை' என்று கூப்பிட்ட பதினேழு பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். அதில் ஆறு பேருடைய டிரங்க்கால் இணைப்புகள் முக்கியமான நேரங்களில் அறுந்துபோனதற்கு வானிலையே காரணம் என்று அவள் சொல்வாள். மெர்வ் டக் என்கிற மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். மெர்வ் சாது. கண்காட்சிப் பரிசுக்காக லீக் என்ற தடித்த வெங்காயத்தாள் வளர்ப்பவன். கல்யாணத்துக்குப் பிறகும் ஊர்க் காரியங்களில் அவள் லார்ட்டர் என்றே கையெழுத்துப் போட்டாள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

எக்ஸ்சேஞ்சுக்குத் தானியங்கி இயந்திரம் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய சமயம், ஊர் இன்னொரு புத்தகம் போடக் கிளம்பியது. இந்த முறை கமிட்டித் தலைவி, காலமான ஹியூபர்ட்டின் மகள் ரோவீனா. அறுபது வயது, கல்யாணமாகவில்லை. அப்பாவின் ஆடுகளும் அப்பாவின் நாற்காலியும் அவளிடம் இருந்தன. டைப் அடிக்கவும் பெயர் வரிசை தயாரிக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் தோராவைச் சேர்த்துக்கொண்டாள்.

"அப்பா போட்ட விதிகள் அப்படியே இருக்கட்டும்," என்றாள் முதல் கூட்டத்தில். "கப்பல் பேரு, காகித ஆதாரம், ரெண்டும் இல்லாம எதுவும் அச்சுக்குப் போகாது. லார்ட்டர் குடும்பத்துக்கு அரைப்பக்கம் போதும் தோரா. உங்கப்பா விஷயத்தை மறுபடி கிளற வேணாம், என்ன?"

"சரிங்க மிஸ் ஆஷ்கோம்ப்," என்றாள் தோரா.

ரோவீனா லண்டனில் ஆள் வைத்துத் தேடி வாங்கிய அறிக்கை ஒன்று கமிட்டிக்கு வந்தது. கெட்டி அட்டை, சிவப்பு ரிப்பன். டைப் அடிப்பதற்காக தோரா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். எட்மண்ட் ஆஷ்கோம்ப், மாளிகைக்காரரின் மகன், ஸ்டோக் மார்லிங் சர்ச், ஞானஸ்நானம் 1838 ஜனவரி. அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். அடக்க ஏட்டைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

"மெர்வ்!" என்று தோட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "குழந்தையைக் கொல்லாம விட்டுட்டான் இந்த லண்டன்காரன்!"

"யாரைடி கொல்லல?" என்று மண்வெட்டியோடு ஓடிவந்தான் மெர்வ்.

பக்கத்து நகரத்தில், உலகெங்கும் உள்ள வம்சப் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற மார்மன் சர்ச்சின் பின்னறையில் மைக்ரோஃபிலிம் பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. எந்த ஊர் ஏட்டின் ஃபிலிமைக் கேட்டாலும் அமெரிக்காவிலிருந்து வரவழைப்பார்கள். வர மூன்று மாதம். தோரா காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

ஃபிலிம் வந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அந்தக் கிராமத்தில் பிறந்தவர்களும் செத்தவர்களும் திரையில் ஓடினார்கள். இரண்டாம் நாள் காலை அவன் கிடைத்தான். எட்மண்ட் ஆஷ்கோம்ப், மாளிகை, அடக்கம் 1838 நவம்பர், வயது பத்து மாதம்.

பாவம் பச்சைக் குழந்தை. ஆனால் தோராவுக்கு உச்சி முதல் பாதம் வரை தேன் இறங்கியது. ஃபிலிமை நிறுத்தி வைத்து, கொண்டுவந்த சீஸ் ரோலை நிதானமாகத் தின்றாள்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பழக்கதோஷம், லார்ட்டர்களையும் பார்த்துவிடலாம் என்று ஞானஸ்நானப் பக்கங்களை இன்னும் கொஞ்சம் சுற்றினாள். 1839 செப்டம்பரில் ஒரு வரி. தாய்: சூசன் லார்ட்டர், மணமாகாதவள், மாளிகையில் வேலைக்காரி. தந்தை பெயருக்கான இடம் காலி. பிள்ளையின் பெயர்: எட்மண்ட் ஆஷ்கோம்ப்.

அங்கே அது ஒரு வழக்கம். தகப்பன் கையெழுத்துப் போட மாட்டான். தாய் விடமாட்டாள். அவன் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைத்துவிடுவாள், ஊருக்கே தெரியட்டும் என்று. சூசன் இன்னும் ஒருபடி மேலே போயிருந்தாள். மாளிகையில் செத்த பிள்ளையின் பெயரையே தூக்கி வைத்துவிட்டாள். தாயின் கடைசிப் பெயரும் சேர, எட்மண்ட் ஆஷ்கோம்ப் லார்ட்டர். தோராவின் கொள்ளுத்தாத்தா வில்லியமுக்கு அத்தை மகன்.

'அடி சண்டாளி,' என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள் தோரா. இப்படி ஒருத்தி தன் ரத்தத்தில் இருக்கிறாள் என்பதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கப்பல் பட்டியலின் நகல் அவளிடமே இருந்தது. அடித்தளப் பயணிகள், தனி ஆண்கள்: லார்ட்டர் வில்லியம், 22. அடுத்த வரி: லார்ட்டர் எட்மண்ட் ஏ., 20. இந்த இரண்டாவது ஆள் தங்கம் தோண்டப் போய்க் காணாமல் போனதாகத்தான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவன் எங்கும் போகவில்லை. இறங்கிய இடத்திலேயே கடைசிப் பெயரை உதறிவிட்டு, நடுப்பெயரை மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறான். வில்லியமும் கால் நாற்றத்தைச் சொன்னாரே தவிர, உறவைச் சொல்லவில்லை. அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

மெர்வ் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, லீக்கின் வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"குழந்தை செத்ததை மட்டும் சொல்லு, தோரா. பூர்வீகம் தெரியலைன்னு அச்சாகட்டும், அதுவே அவங்களுக்குச் செருப்படி. அந்த சூசன் பாவம். நூத்தம்பது வருஷம் கழிச்சு அவளை எதுக்கு ஹால்ல கொண்டுவந்து நிறுத்தறே? ஹியூபர்ட்டுக்குக் கூட இது தெரிஞ்சிருக்காது."

தோரா முறைத்தாள். ஆனால் யோசித்தாள். ஹியூபர்ட்டுக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கும், தன் பெருமையை உண்மையென்று நம்பித்தான் அப்பாவை அப்படிச் செய்திருப்பார் என்று அவளுக்கும் தோன்றியது.

"சரி. குழந்தையை மட்டும் கொல்றேன். ஆனா அப்பாவோட மன்னிப்பை ரத்து பண்ணணும். அவர் பொய் சொல்லலைன்னு அச்சுல வரணும். அது இல்லாம விடமாட்டேன்."

அடுத்த கூட்டத்தில் அவள் அடக்கப் பதிவின் நகலை மேசையில் வைத்தாள். எல்லோரும் தலையை நீட்டிப் படித்தார்கள். பேக்கரிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்போ பன்னண்டாயிரம் ஆட்டையும் வளர்த்தது பத்து மாசக் குழந்தையா?" என்றார். ரோவீனா கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு காலை நேரம், ரோவீனா ஆஷ்கோம்ப் தோராவின் சமையலறைக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தோரா டீ ஊற்றினாள், ஸ்கோன் ரொட்டித் தட்டை நகர்த்திவைத்தாள்.

"தோரா, எனக்குத் தூக்கமே இல்ல," என்றாள் ரோவீனா. குரலில் பழைய மிடுக்கு இல்லை. "நாங்க யாருன்னே தெரியாமப் போச்சு. இந்த ஃபிலிமெல்லாம் படிக்கத் தெரிஞ்சது ஊர்ல நீ ஒருத்திதான். எங்க எட்மண்ட் யாருன்னு தேடிச் சொல்லேன்."

"எங்கப்பாவோட கடிதத்தை ரத்து பண்ணுங்க மிஸ் ஆஷ்கோம்ப். அப்புறம் பேசலாம்."

"பண்ணிடறேன். ஒரே கப்பல்ல வந்திருக்கலாம், அதுல என்ன இருக்கு? அப்பா கொஞ்சம் முன்கோபி. மத்தபடி, தெரிஞ்சே அநியாயம் பண்றவர் இல்ல."

தோராவின் மனசு ஒரு நிமிஷம் இளகியது உண்மை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று ஏமாற்றம்கூட இருந்தது. அப்போதுதான் ரோவீனா கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்தாள்.

"அப்பாவோட தகரப் பெட்டில இருந்துச்சு. எட்மண்ட் கப்பல்ல கொண்டுவந்தது. முதல் தாள்ல பேரு எழுதியிருக்கு, கடைசி வார்த்தையை யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க. ஏதாவது ஊர்ப் பேரா இருக்குமோ?"

தோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மங்கிப்போன பழுப்பு மையில், நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கையெழுத்து: 'எட்மண்ட் ஆஷ்கோம்ப்'. அதற்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையின் மேல் நீலமாக, வழவழவென்று, தாள் பள்ளமாகும் அளவுக்கு அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிறுக்கியிருந்தது. சுற்றின் முடிவில் கசிந்த ஒரு சொட்டு.

அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். ஒரு கட்டைவிரலில் பார்த்திருக்கிறாள்.

"ஜன்னல்கிட்ட வாங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரியும்படி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பழைய பழுப்பு மை தாளைத் தின்று பின்பக்கம் ஊறியிருந்தது. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. "கைக்கண்ணாடி அந்த ஆணில தொங்குது. எடுத்துக் காட்டிப் படிங்க. சத்தமா."

ரோவீனா கண்ணாடியைக் காட்டினாள். உதடு அசைந்தது.

"லார்ட்டர்."

"இன்னொரு தடவை."

"லார்ட்டர்… தோரா, இது என்ன?"

தோரா அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் பதிவையும் கப்பல் பட்டியலையும் எடுத்து ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரோவீனா படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"இது பால்பாயிண்ட் மை. எட்மண்ட் காலத்துல பால்பாயிண்ட் ஏது? அம்பதாம் வருஷம் இந்த ஊர்ல அந்தப் பேனா ஒரே ஒருத்தர் பையிலதான் இருந்துச்சு. எங்கப்பா ஹால்ல அந்தக் கதையைச் சொன்னதும் உங்கப்பா வீட்டுக்குப் போயி அந்தத் தகரப் பெட்டியைத் தொறந்திருக்காரு. படிச்சிருக்காரு. அடிச்சிருக்காரு. அப்புறம் அதே பேனாவை எங்கப்பா கைல குடுத்து, நான் சொன்னது பொய்னு கையெழுத்துப் போட வெச்சிருக்காரு. சொந்தக்காரன்னு தெரிஞ்சே."

ரோவீனா தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

"பூர்வீகம் தெரியலைன்னு போட்டுடேன்," என்றாள் கடைசியில். "கெஞ்சிக் கேக்கறேன். உங்கப்பா விஷயத்தை எப்படி வேணும்னாலும் எழுதிக்கோ. இதை மட்டும் விட்டுடு."

"நேத்து கேட்டிருந்தா விட்டிருப்பேன்," என்றாள் தோரா. அது சத்தியம். "நீங்களே எடுத்துட்டு வந்து காட்டிட்டீங்க. விதி உங்க வீட்டு விதி. கப்பல் பேரு, காகித ஆதாரம். ரெண்டும் இருக்கு."

அன்று சாயங்காலம் மெர்வ் கேட்டான், "கொஞ்சம் கூடப் பாவமா இல்லையா உனக்கு?" சூசனை நினைத்தால் பாவமாக இருந்தது. பத்து மாதக் குழந்தையை நினைத்தாலும் கொஞ்சம் இருந்தது. வேறு யாரையும் நினைத்து வரவில்லை என்று அவள் நேராகவே சொன்னாள். மெர்வ் எழுந்து லீக்குக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

கமிட்டியில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்மித் கிழவரின் பேத்திதான் முதலில் கை தூக்கினாள்.

அச்சுக்குப் போகுமுன் தலைவி கடைசிப் படியில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் உட்கார்ந்திருக்க, தோரா தாள்களைக் கொண்டுவந்து ரோவீனா முன் வைத்தாள். கடைசிப் பக்கத்தில், 1950இல் திரு. க்ளாரி லார்ட்டர் சொன்னது உண்மை, அது பொய்யென்று அவரிடம் எழுதி வாங்கியவருக்கு அப்போதே அது தெரியும் என்று இரண்டு வரி இருந்தது. எல் எழுத்தில் லார்ட்டர் குடும்பத்துக்கு ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில், ஆடுகளும் மாளிகையும் மூன்று நாரைகளும் இருந்த இடத்தில், ஒரே ஒரு வரி.

'ஆஷ்கோம்ப்: லார்ட்டர் பார்க்கவும்.'

ரோவீனா அதைப் பார்த்தபடி கைப்பைக்குள் பேனாவைத் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. தோரா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பால்பாயிண்டை எடுத்தாள். நீலம். காலையில் கடையில் பத்துப் பேனாக்களை எழுதிப் பார்த்து, மை கசிகிற ஒன்றாகத் தேடி வாங்கியிருந்தாள்.

"அழுத்திப் போடு, ரோவீனா," என்றாள், வாழ்க்கையில் முதல்முறையாக அவளை நீ என்று கூப்பிட்டு. "இது மையில முக்க வேண்டாத பேனா."

ரோவீனா அழுத்திப் போட்டாள். தோரா அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.